இல்லாத நோய்க்கு மருந்து

சட்டக்காரருக்கு வலது புறங்கையில் முதல் கொப்புளம் வந்தபோது, ஏதோ கண்ணாடிச் சில்லு உள்ளே தங்கிவிட்டது என்றுதான் நினைத்தார். முப்பது வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டு வயிறு வளர்ப்பவர். கண்ணாடி அறுக்கிற கையில் கீறல் விழாத நாள் ஏது? எந்தக் கீறலுக்கும் அவர் தனி மரியாதை கொடுத்ததில்லை. ஆனால் இந்தக் கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஆறுகிற வழியைக் காணோம். மூன்றாவது வாரம் மணிக்கட்டுக்கு மேல் இன்னொன்று வந்தது. அதற்கு மேல் இன்னொன்று. முழங்கையைப் பார்த்து வரிசை கட்டி நின்றன.

கூடவே இருந்த தங்கைதான் அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக மருத்துவரிடம் அனுப்பினாள். அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். கணவன் போன பிறகு அண்ணனோடு வந்து இருந்தாள். வந்த இரண்டாம் மாசமே, கடை வாசலில் சுற்றிக்கொண்டிருந்த செம்பட்டைப் பூனையை உள்ளே சேர்த்து அதற்கு மேஸ்திரி என்று பெயரும் வைத்துவிட்டாள். அண்ணன் வேலை செய்யும்போது அட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அவர் கொஞ்சம் ஓய்ந்தால் எழுந்து வந்து முறைக்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

தெருமுனையில் டாக்டரம்மாவின் மருத்துவமனை. ஒரு காலத்தில் செருப்புக் கடையாக இருந்த ஒற்றை அறை; இப்போதும் ஷட்டரைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். டாக்டரம்மா அவர் கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பூனை வளக்கறீங்களா?"

"வளக்கலைங்க. அது இருக்கு."

"அதுக்கு மூக்குல புண் இருக்கா?"

சட்டக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஸ்திரி எங்கேயோ சண்டை போட்டுவிட்டு மூக்கில் புண்ணோடு வந்து ஒரு மாசமாகிறது. துடைத்துவிடப் போன அன்றைக்குத்தான் கையில் கீறியது.

"பூனை நகத்துலேர்ந்து வர்ற பூஞ்சை இது. தோலுக்கு அடியில நூல் பிடிச்ச மாதிரி மேல ஏறும். பயப்படாதீங்க, மாத்திரைக்கு அடங்கிடும். மூணு மாசம் விடாம சாப்பிடணும். பூனைக்கும் அதே மருந்து. அத வெளிய விடாதீங்க. தூக்கிட்டுப் போய் எங்கயும் விட்டுடாதீங்க, போற இடத்துல நாலு பூனைக்குக் கொடுக்கும்."

"மாத்திரை எழுதிக் கொடுங்கம்மா."

"எழுதறேன். கடையில கிடைக்காது. இந்த ஊருக்கு வந்த மாத்திரை மொத்தமும் விலங்குவழி நோய்த் தடுப்புத் துறையோட கிடங்குல இருக்கு. உங்களுக்கு முன்னாடி ஆறு பேரை அனுப்பினேன்."

"அவங்களுக்குக் கிடைச்சுதா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

துறையின் கட்டடம் நாலு மாடி. இடது பக்கம் மனிதப் பிரிவு, வலது பக்கம் விலங்குப் பிரிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அது பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி எந்தப் பிரிவின் பொறுப்பு என்பது இன்னும் பரிசீலனையில் இருந்தது.

வாசலில் காவலாளி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டான்.

"சட்டம் போடறேன்."

காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தான். இடது பக்கத்துக் குமாஸ்தா நாற்காலி போடச் சொன்னார், டீயும் வந்தது. பாதி டீயில், போடுவது படத்துக்கான சட்டம் என்று தெரிந்துபோயிற்று. நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மீதி டீயை அவர் நின்றுகொண்டே குடித்தார்.

"யார்கிட்டேர்ந்து ஒட்டிச்சு?" என்றார் குமாஸ்தா.

"பூனைகிட்டேர்ந்துங்க."

"அப்ப இது விலங்கு விவகாரம். வலது பக்கம் போங்க."

வலது பக்கத்துக் குமாஸ்தா படிவத்தை எடுத்தார். "நோயாளி யாரு?"

"நான்தாங்க."

"நீங்க விலங்கா?"

"இல்லைங்க."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

அதில் கிண்டல் துளியும் இல்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது, கேட்டார், அவ்வளவுதான். சட்டக்காரர் இடமும் வலமுமாக நாலு நாள் நடந்தார். நடுவில் கதவு பூட்டியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் தெருவில் இறங்கிச் சுற்றி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் காவலாளி பதிவேட்டைத் திறந்தான். சல்யூட் மட்டும் நின்றுபோயிருந்தது.

ஐந்தாம் நாள் யாரோ இரக்கப்பட்டு மூன்றாம் மாடிக்குக் கைகாட்டினார்கள். அங்கே இணைப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. இணைப்பு அதிகாரி அவரை அன்பாக உட்கார வைத்தார்.

"ரெண்டு பிரிவுக்கும் பல வருஷமா பேச்சுவார்த்தையே இல்ல. அதுக்குன்னு ஒரு குழு போட்டு, ரெண்டு வருஷம் ஆராய்ஞ்சு, எங்க பிரிவை உண்டாக்கினாங்க" என்றார்.

சட்டக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "அப்ப நீங்க ரெண்டு பேரையும் இணைச்சு வைப்பீங்க."

"ஆளுங்களை இல்ல. தாளுங்களை." அதிகாரி மேஜையிலிருந்த ஸ்டேப்ளரைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பக்கத்துத் தாளையும் அந்தப் பக்கத்துத் தாளையும் ஒண்ணா வச்சு இணைக்கணும். போன வருஷம் நாலாயிரம் இணைப்பு. ஒண்ணாவது கழண்டிருக்கான்னு நீங்களே விசாரிச்சுப் பாருங்க."

அவரே ஒரு படிவத்தையும் கொடுத்தார். 'தொற்று வழங்கியவர் பெயர்' என்ற இடத்தில் சட்டக்காரர் நேர்மையாக மேஸ்திரி என்று எழுதினார்.

இறங்கி வரும்போது பின்பக்கம் கிடங்கைப் பார்த்தார். கம்பி ஜன்னல் வழியாக மாத்திரைப் பெட்டிகள் கூரை வரைக்கும் தெரிந்தன. பெட்டிகளின் மேல் மூன்று பூனைகள் சுருண்டு படுத்திருந்தன. ஒன்றுக்கு மூக்கில் புண். கிடங்குக் காப்பாளரின் மூன்று விரல்களில் கட்டுப் போட்டிருந்தது.

"என்னாச்சுங்க விரலுக்கு?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"மூணுமா?"

"பெரிய கதவு" என்றார் காப்பாளர், வேறு பக்கம் பார்த்தபடி.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. தங்கைதான் பிரித்துப் படித்தாள். 'மேஸ்திரி அவர்கள் இயக்குநர் முன்னிலையில் நேரில் ஆஜராகி வாக்குமூலம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

"அண்ணே, மேஸ்திரிக்கு அவர்கள் போட்டிருக்காங்க. உனக்குப் போடல" என்றாள்.

"அது பூனைன்னு ஒரு கடுதாசி எழுதிடலாமா?"

"எழுதினா அதுக்கு ஒரு ஃபாரம் கொடுப்பாங்க. நானும் கவுண்டருக்குப் பின்னாடி உக்கார்றவதான், எனக்குத் தெரியும். பேசாம கூட்டிட்டுப் போயிடலாம்."

மூடி போட்ட கூடையில் மேஸ்திரியை வைத்து இருவருமாகப் போனார்கள். இயக்குநரின் அறை குளுகுளுவென்றிருந்தது. சுவர் முழுக்க இயக்குநரின் படங்கள்: இயக்குநர் நாடாவை வெட்டுகிறார், இயக்குநர் வெட்டிய நாடாவைப் பார்க்கிறார், இயக்குநர் ஒரு பசுவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எல்லாச் சட்டங்களிலும் மூலை சேராமல் வாய் பிளந்து நின்றது. சட்டக்காரருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நடுநாயகமாக ஒரு சான்றிதழ்: 'பூஞ்சை நோய் இல்லாத நகரம்.'

"இத யாரு சார் கொடுத்தாங்க?" என்று தங்கை கேட்டாள்.

"நாங்கதான்" என்றார் இயக்குநர். "இந்த ஊரைப் பத்தி எங்களைவிட யாருக்கும்மா தெரியும்?"

"அப்ப எங்க அண்ணன் கையில இருக்கறது?"

"அது தனிநபர் அனுபவம்." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஏழெட்டு மேடைகளில் பேசிப் பழகிய குரல். "உட்காருங்க, சொல்றேன். இந்த ஊர்ல இந்த நோய் இல்ல. இது என் சொந்தக் கருத்துன்னு நினைக்காதீங்க, தீர்மானம் போட்டிருக்கோம். இருக்குன்னு சொன்னா மருந்து கொடுக்கணும். மருந்து கொடுத்தா கிடங்குல இருப்பு குறையும். இருப்பு குறைஞ்சு போச்சுன்னு வைங்க, நாளைக்கு நெஜமாவே நோய் வந்தா ஜனங்க கதி என்னாகும்? நான் ஜனங்களை நினைக்கிறேன். நீங்க உங்க கையை மட்டும் நினைக்கிறீங்க."

சட்டக்காரர் தன் கையைப் பார்த்தார். இயக்குநர் சொல்வதும் உண்மைதான் என்று ஒரு நிமிஷம் அவருக்கே தோன்றியதுதான் கொடுமை.

"சரி, தொற்று வழங்கியவர் எங்க?"

தங்கை கூடையை மேஜைமேல் வைத்தாள். இயக்குநர் பின்னல் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து மேஸ்திரி அவரைப் பார்த்தது.

"இது பூனையா?"

"ஆமாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இணைப்பு அதிகாரி எழுதிக்கொண்டார்: 'தொற்று வழங்கியவர் பூனை என விசாரணையில் ஒப்புக்கொள்ளப்பட்டது.'

விசாரணையை அதோடு முடித்துவிடலாம் என்று சாதாரண மனிதர்கள் நினைப்பார்கள். இயக்குநர் அப்படி நினைக்கவில்லை. அழைப்பு அனுப்பியாயிற்று, எண் போட்டாயிற்று. இனி வாக்குமூலம் இல்லாமல் கோப்பை மூட வழியில்லை. பேசத் தெரியாதவர்கள் கைரேகை வைக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது.

"கூடையைத் திறங்க" என்றார்.

"வேண்டாம் சார்" என்றாள் தங்கை. "புண்ணு இருக்கு. மிரண்டா கீறும்."

"அடைச்சு வச்சு வாங்கின வாக்குமூலம்னு நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதும்மா. இந்த அறையில என்ன நடக்கணும்னு நான்தான் சொல்லணும்."

திறந்தார்கள். மேஸ்திரி மெதுவாக வெளியே வந்து கோப்பின் மேல் உட்கார்ந்து, இரண்டு தடவை தும்மியது. இணைப்பு அதிகாரி மைப்பெட்டியை நீட்டினார். சான்றொப்பம் இட வேண்டியவர் என்ற முறையில் இயக்குநரே முன்னங்காலைப் பிடித்து மையில் அழுத்தினார். அடுத்த நொடி என்ன நடந்தது என்பதைக் குறிப்பில் எழுத முடியவில்லை, ஏனென்றால் எழுதுகிறவருடைய கட்டைவிரலும் கிழிந்திருந்தது. இயக்குநரின் வலது புறங்கையில் இரண்டு கோடு, நல்ல ஆழம். மேஸ்திரி தானாகவே கூடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வேலை முடிந்தால் கிளம்ப வேண்டும் என்பது அந்த அறையில் அதற்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"சார், சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. டாக்டரைப் போய்ப் பாருங்க" என்றார் சட்டக்காரர். அவருக்கு உண்மையிலேயே பதறியது.

"எதுக்கு?" இயக்குநர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். "இல்லாத நோய் எப்படிய்யா வரும்?"

மனு தள்ளுபடி ஆனது. காரணம்: கைரேகை தெளிவாக விழவில்லை.

அதற்குள் புண் முழங்கையைத் தாண்டிவிட்டது. கண்ணாடி அறுக்கும் கருவியை இரண்டு விரலால் பிடிக்க முடியவில்லை. கல்யாணப் படம் கொடுத்திருந்த ஒரு அம்மாள் அவர் கையைப் பார்த்ததும் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். போகிற போக்கில் படத்தை முந்தானையால் துடைத்தாள். அன்றைக்குத்தான் சட்டக்காரர் கடையை மத்தியானமே சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கை நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"துறைக்கு மூணு தடவை எழுதிட்டேம்மா. தங்கள் கடிதம் கிடைத்ததுன்னு மூணு தடவையும் பதில் வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

"நீங்க படிச்சவங்க, கடுதாசி எழுதறீங்க. நான் டிக்கெட் கிழிக்கறவ. எனக்கு ஒண்ணுதான் தெரியும். இங்க இல்லாதது வேற ஊர்ல இருந்தா, பஸ்ஸுல ஏத்தினா வந்து சேரும். உங்ககூடப் படிச்சவங்க யாரும் வேற ஊர்ல இல்லையா?"

டாக்டரம்மா பழைய விலாசப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்தார். மூன்றாம் நாள் காலைப் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், மாத்திரைப் பொட்டலம் வந்து சேர்ந்தது. ஒரு ஆளுக்கும் ஒரு பூனைக்கும் மட்டுமில்லை; துறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஆறு பேருக்கும் சேர்த்து வந்தது. அதன் பிறகு வாரம் ஒரு பொட்டலம் வந்தது. டாக்டரம்மாவிடம் ஆட்களும் வந்தபடி இருந்தார்கள். நாற்பது பேர் ஆனபோது அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

சட்டக்காரர் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார். மேஸ்திரிக்கு மீனில் பொடித்துக் கலந்து வைத்தார்கள். அது மீனைத் தின்றுவிட்டுப் பொடியைத் தட்டோடு விட்டது. பிறகு அண்ணன் தடித்த துணியால் பிடித்துக்கொள்ள, தங்கை வாயைத் திறந்து போட வேண்டியிருந்தது. பின்னறையில் அடைபட்டதற்கு அது ஒரு வாரம் ராகம் போட்டுக் கத்தியது. ஆனால் இரண்டாம் மாசத்தில் அதன் மூக்கில் புதுத்தோல் வந்தது. அவருடைய கையிலும் ஒவ்வொன்றாக உலர்ந்தன.

துறையிலும் அந்தச் சமயத்தில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. 'துறையின் கண்ணியத்தை உயர்த்தும் பொருட்டு' அனைவரும் முழங்கை வரை வெள்ளைக் கையுறை அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முதலில் இயக்குநரும் இணைப்பு அதிகாரியும் அணிந்தார்கள். கிடங்குப் பக்கம் போய் வருகிறவர்கள் அடுத்து அணிந்தார்கள். கையுறையோடு தாளைப் புரட்ட வராது என்பதால் கோப்புகள் நகரவில்லை. வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு நாள், தெரு சாப்பிட்டு அசந்திருக்கும் வேளையில், தொப்பி போட்ட ஒருவர் கடைக்குள் வந்தார். வண்டி இல்லை, கூட ஆள் இல்லை. சுவரில் மாட்டியிருந்த சட்டங்களை ஒவ்வொன்றாக விலை கேட்டார். எதையும் வாங்குகிற முகமாக இல்லை. வெள்ளைக் கையுறையைப் பார்த்த பிறகுதான் சட்டக்காரருக்கு ஆள் யாரென்று புரிந்தது.

"உங்களுக்குச் சரியாயிடுச்சாமே" என்றார் இயக்குநர்.

"ஆமாங்க."

இயக்குநர் கடை வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, வலது கையுறையை மெல்லக் கழற்றினார். துணி புண்ணோடு ஒட்டியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டார். புறங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஏழு புண்.

"உங்க கிடங்குல மாத்திரை கூரை தொட அடுக்கி இருக்கே சார்."

"எடுத்தா பதிவேட்டுல பேர் எழுதணும். பேர் எழுதினா நோய் இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணும்." இயக்குநர் விரல்களை மடக்கப் பார்த்தார், பாதிக்கு மேல் மடங்கவில்லை. "இப்ப கையெழுத்தே போட வரல. பேனா நிக்கல."

மூன்று மாசமாகச் சட்டக்காரர் மனசுக்குள் பல வாக்கியங்களைத் தீட்டி வைத்திருந்தார். இந்த ஆள் எதிரில் நின்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அந்தக் குடைச்சல் எப்படி இருக்கும், படுத்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் எப்படி வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் தங்கை கேள்விப்பட்டதும் குதித்தாள். "எதுக்குண்ணே கொடுத்த? அலையவிட்டிருக்கணும். இடதும் வலதுமா நாலு நாள் அலையவிட்டிருக்கணும்."

"புண்ணு யாருக்கு வந்தா என்னம்மா. புண்ணுதானே."

"நீ புண்ணைப் பாத்த. ஆளைப் பாக்கல."

இயக்குநர் டாக்டரம்மாவிடம் பின்வாசல் வழியாக வந்தார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அட்டையில் கையுறைக்காரர் என்று மட்டும் எழுதப்பட்டது. மற்றவர்களுக்குக் கொடுத்த அதே மாத்திரையை அவருக்கும் கொடுத்தார்கள். அதே மூன்று மாசம். வரும்போதெல்லாம் முன்னறையில் காத்திருப்பவர்களின் பேச்சு உள்ளே கேட்கும்.

"கிடங்கைத் திறந்துவிடுங்க சார். வாரா வாரம் பஸ்ஸுல வரவழைச்சுச் சமாளிக்க முடியல. இன்னும் ஊருக்குள்ள எத்தனை பேரோ" என்று ஒரு நாள் டாக்டரம்மா சொன்னார்.

"கை சரியாகட்டும் டாக்டர். முதல் வேலை அதுதான்" என்றார் இயக்குநர். அதை அவர் மனசாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

கிடங்கு திறந்தது உண்மை. மாத்திரைகளின் காலக்கெடு முடிந்துவிட்டதால் அழிப்பதற்காகத் திறந்தார்கள். கொட்டகை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, இயக்குநர் பேசினார்: "ஒரு மாத்திரைகூடச் செலவாகல. இந்த ஊர் எவ்வளவு ஆரோக்கியமா இருக்குங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" கையுறை போட்ட கைகள் தட்டியதால் கைத்தட்டல் சத்தமில்லாமல் இருந்தது.

அடுத்த வாரம் சட்டக்காரர் கடைசித் தடவையாகக் கையைக் காட்ட வந்தார். தங்கையும் கூட வந்திருந்தாள். பெஞ்சில் இடமில்லாமல் சிலர் ஷட்டருக்கு வெளியே நின்றார்கள். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாத்திரையை நிறுத்தி மூணு மாசமாச்சு, புதுசா ஒண்ணும் வரல. இனி பயமில்ல. தழும்பு இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது துறையின் பியூன் ஒரு உறையை நீட்டிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா படித்தார். ஊரில் இல்லாத ஒரு நோய்க்குச் சிகிச்சை அளித்து மக்களிடையே பீதியைப் பரப்பியதற்காகவும், அனுமதியில்லாத மருந்தை வெளியூரிலிருந்து வரவழைத்ததற்காகவும், மேற்படி மருத்துவமனை ஏழு நாளில் மூடப்பட வேண்டும். கீழே இயக்குநரின் கையெழுத்து.

தங்கை எட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். சட்டக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்தை உற்றுப் பார்த்தார். முதல் எழுத்திலிருந்து கடைசிச் சுழி வரை ஒரே அழுத்தம். எங்கும் நடுக்கமில்லை, பேனா ஓரிடத்திலும் தயங்கவில்லை.

"மூணு மாசமும் ஒழுங்கா சாப்பிட்டிருக்கார்" என்றார்.

பெட்டியிலிருந்து கையுறைக்காரரின் அட்டையைத் தேடி எடுத்து, தேதி போட்டு, 'பூரண குணம்' என்று எழுதி வைத்துவிட்டு, வெளியே நின்றவர்களில் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.